போலீஸ் கிரவுன் விக்டோரியாவைச் சொகுசுக் காராக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பல ஆண்டுகள் ரோந்து சுற்றிய பெரிய செடான், ஃபோர்டு கிரவுன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர். கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையில் 2011 செப்டம்பர் 15 அன்று கடைசி கிரவுன் விக்டோரியா இறங்கியது. அது சவூதிக்குப் போகவேண்டிய வண்டி. போலீஸ் வேலை முடிந்து ஏலத்துக்கு வந்த இன்டர்செப்டர்களை வாங்கி, வீட்டுக்கு ஏற்ற சொகுசு வண்டியாக மாற்ற நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

போலீஸ் காரைச் சொகுசுக் காராக்குவது நடக்கிற காரியமா?

நடக்கும். காரணம் எளிது: இது சொகுசுக் கார்களின் குடும்பத்தில் பிறந்த வண்டி. பொதுமக்களுக்கு விற்ற கிரவுன் விக்டோரியா எல்.எக்ஸ், ஃபோர்டின் கிளைப் பெயர்களில் வந்த மெர்குரி கிராண்ட் மார்க்விஸ், லிங்கன் டவுன் கார் மூன்றுக்கும் இதற்கும் பேந்தர் என்ற ஒரே அடித்தளம். தனி அடிச்சட்டகத்தின் மேல் உடல், முன்னால் 4.6 லிட்டர் வி8, பின்சக்கர இயக்கம். ஆகவே உதிரி பாகம் தேடி அலையவேண்டியதில்லை. உடைப்பு யார்டில் நிற்கும் ஒரு கிராண்ட் மார்க்விஸே பாதிக் கடை.

ஃபோர்டே இந்த யோசனையைச் செய்து பார்த்தது. 2003, 2004 மாடல்களாக வந்த மெர்குரி மராடர், போலீஸ் வண்டியின் உறுதியான அடிப்பகுதி, 302 குதிரைத்திறன் வி8, தோல் சீட், 18 அங்குலச் சக்கரம் எல்லாம் சேர்ந்த கார். மொத்தம் 11,052 வண்டிகள்தான் செய்தார்கள்.

எந்த ஆண்டு வண்டியை வாங்கலாம்?

2003 அல்லது அதற்குப் பின். அந்த ஆண்டுதான் வண்டியின் அடிச்சட்டகமே மாறியது. பல்சக்கரம் பல்தண்டை நேராக நகர்த்தும் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் வந்தது, முன் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாகின. ஓட்டினால் வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும். 2004 முதல் போலீஸ் எஞ்சின் 250 குதிரைத்திறன். 2006 முதல் 17 அங்குலச் சக்கரம்.

1996 முதல் 2001 வரையிலான வண்டிகளில் எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டின் முன்பக்கம், கூலன்ட் கடக்கும் இடத்தில் விரிசல் விடும். அலுமினியக் குறுக்குக் குழாய் உள்ள புதியது போட்டிருந்தால் சரி. இல்லையென்றால் விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இது உண்மையான போலீஸ் வண்டிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வண்டியின் அடையாள எண்ணில் 5, 6, 7-ஆம் எழுத்துகளைப் பாருங்கள். பி71 என்றிருந்தால் இன்டர்செப்டர். கடைசி இரண்டு மாடல்களில் இதுவே பி7பி ஆனது. பி74 என்றால் எல்.எக்ஸ். பி70 என்றால் டாக்ஸிக்காக 6 அங்குலம் நீட்டிய வண்டி. பின்சீட்டில் கால் நீட்ட அந்தக் குடும்பத்திலேயே அதற்கு இணையில்லை, ஆனால் டாக்ஸியாக ஓடிக் களைத்த வண்டியைத் தேற்றுவது வேறு கதை.

துப்பறிவாளர்களும் அதிகாரிகளும் ஓட்டிய, போலீஸ் அடையாளம் ஒட்டாத வண்டிகள் கிடைத்தால் விடாதீர்கள். அவற்றில் பல, குரோம் கிரில்லும் பக்க மோல்டிங்கும் கொண்டு, சாதாரணக் கார் போலத் தெரியவைக்கும் தெருத் தோற்றப் பேக்கேஜில் வந்தவை. கார்ப்பெட், துணியிலான பின்சீட் எல்லாம் ஏற்கெனவே இருக்கக்கூடும். கூரையில் ஓட்டையும் குறைவு. செலவு பாதியாகும்.

மீட்டரில் 1,05,000 மைல்தான் காட்டுகிறது. நல்ல வண்டிதானே?

மைலை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். ரோந்து வண்டி நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் ஓடும். 2006 முதல் வந்த வண்டிகளின் மீட்டரில் எஞ்சின் ஓடிய மணிநேரத்தையும் பார்க்கலாம். ஒரு மணிநேரம் ஐடிலில் நிற்பது 33 மைல் ஓடியதற்குச் சமம் என்பது ஃபோர்டின் கணக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீட்டரில் 1,05,000 மைல், எஞ்சின் மணி 7,000. ஓடும்போது சராசரி வேகம் 30 மைல் என்று வைத்தால், ஓடியது 3,500 மணி. மீதி 3,500 மணி நின்றது. 3,500 பெருக்கல் 33 என்றால் 1,15,500 மைல். எஞ்சின் உண்மையில் பார்த்தது ஏறக்குறைய 2,20,000 மைல். அதற்காகப் பயப்படவும் வேண்டாம். ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால் இந்த எஞ்சின் அதையும் தாங்கும். சர்வீஸ் ரெக்கார்டு கேளுங்கள். நகராட்சி வண்டிகளுக்குப் பெரும்பாலும் இருக்கும்.

நேரில் பார்க்கும்போது வேறு என்ன கவனிக்கவேண்டும்?

ஓட்டுநர் கதவைப் பாதி திறந்து, விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆடினால் கீல் பின் தேய்ந்துவிட்டது. ஒரு ஷிப்டில் எத்தனையோ முறை திறந்து மூடிய கதவு அது. சில வண்டிகளின் முன்கதவுக்குள் குண்டு துளைக்காத தகடு வேறு இருக்கும். கதவு அநியாயக் கனமாக இருந்தால் அதுதான்.

எஞ்சினின் முன் இடது மூலையில், ஆயில் ஃபில்டர் பொருந்தும் அடாப்டரைப் பாருங்கள். போலீஸ் எஞ்சினுக்கு ஆயில் கூலர் உண்டு. அங்குள்ள கேஸ்கெட் காய்ந்தால் ஆயிலும் கூலன்ட்டும் சேர்ந்து கசியும். ஈரப்பிசுக்கு தெரிந்தால் கேஸ்கெட் மாற்றவேண்டிய வண்டி.

பனிப் பகுதிகளில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு கீழ் ஸ்டீயரிங் ஷாஃப்டைத் துரு பிடிக்கவைத்து இறுக்கிவிடும். இதற்காக 2005 முதல் 2011 வரையிலான சுமார் 3,70,000 பேந்தர் கார்களை ஃபோர்டு 2013-ல் திரும்ப அழைத்தது. அந்த வேலை முடிந்ததா என்று அடையாள எண்ணை வைத்துச் சரிபாருங்கள். ஓட்டும்போது ஸ்டீயரிங் இறுகினால் வாங்கவே வேண்டாம்.

நாய்ப் பிரிவில் ஓடிய வண்டியை மூக்கே காட்டிக்கொடுக்கும். தரைக்கு அடியில் உள்ள சணல் மெத்தையில் ஊறிய சிறுநீர் வாடை வாசனைத் திரவியத்துக்கு அடங்காது. மெத்தையை எடுத்தே எறியவேண்டும்.

வாங்கியாயிற்று. முதலில் எதைத் தொடுவது?

வயரிங். பலரும் குரோம் கிரில் வாங்க ஓடுகிறார்கள். வண்டி மூன்றாம் நாள் காலை ஸ்டார்ட் ஆகாது. சைரன், ரேடியோ, கம்ப்யூட்டர், விளக்குகள் எல்லாவற்றையும் கழற்றும்போது ஏலத்துக்கு அனுப்புகிறவர்கள் வயரை வெட்டிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். பேட்டரியில் இருந்து நேராக வரும் தடித்த சிவப்பு வயர் ஒன்று டிக்கியில் முனை வெட்டப்பட்டு, இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிக் கிடப்பது சாதாரணம். அது பாடியில் உரசினால் தீ.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு கூடுதல் வயரையும் மின்சாரம் எடுக்கும் முனையில் இருந்து பின்தொடர்ந்து எடுக்கவேண்டும். இழுத்துப் பிடுங்கினால் கூடவே ஒரிஜினல் வயர்க்கட்டும் அறுந்து வரும். எல்லாம் எடுத்தபின் நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் இடையே மல்டிமீட்டரைத் தொடராக வைத்து, கதவுகளை மூடி அரைமணி முதல் முக்கால் மணிநேரம் காத்திருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் விழுகிறதோ அந்த வழியில்தான் திருடன்.

2003 முதல் 2005 வரையிலான வண்டி என்றால், விளக்குகளைக் கட்டுப்படுத்தும் மாட்யூலையும் இப்போதே பாருங்கள். அதன் சால்டர் இணைப்பு விரிசல் விட்டால் ஓட்டத்தில் ஹெட்லைட் அணையும். சூடானபின் அணைந்து, ஆறியபின் எரிந்தால் அதுதான் நோய். திரும்பச் சால்டர் செய்யலாம். புதிது போடுவது நிம்மதி.

பின்கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை.

கைதி தப்பக்கூடாது என்று செய்தது. முதலில் கதவு ஓரத்தில் உள்ள சைல்டு லாக்கைச் சோதியுங்கள்; அதுவாகவே இருந்துவிட்டால் வேலை ஒரு நிமிடம். இல்லையென்றால் கதவு அட்டையைக் கழற்றி, கைப்பிடியில் இருந்து லாக்குக்குப் போகும் கம்பியைப் பாருங்கள். கிளிப்பிலிருந்து கழன்றிருக்கும், அல்லது கம்பியே இருக்காது. எல்.எக்ஸ் பின்கதவில் இருந்து கைப்பிடி, கம்பி, கிளிப் மூன்றையும் சேர்த்தே எடுத்து வாருங்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப் கழற்றும்போதே உடையும். புதிது நாலைந்து கையில் இருக்கட்டும். கண்ணாடிக்கு ஸ்விட்ச்சும் வேண்டும். இணைப்பு பெரும்பாலும் அட்டைக்குப் பின்னாலேயே சும்மா தொங்கும்.

வேலை முடிந்ததும் கதவைத் திறந்து வைத்து, லாக்கின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, உள்கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். பத்து தடவை. சோதிக்காமல் கதவை மூடி, கம்பி சரியாக மாட்டாமல் போனால், சீட்டோடு அட்டையை உள்ளிருந்து கழற்றவேண்டிய தலைவலி வரும்.

அட்டைக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரித்து, பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர்க் கயிற்றால் மறுபடி ஒட்டுங்கள். அதை விட்டுவிட்டால் மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவதற்குப் பதில் கார்ப்பெட்டுக்கு வரும். புதுக் கார்ப்பெட் நனைவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியாததும் இதே வகை. இருட்டில் போலீஸார் தெரியக்கூடாது என்று அணைத்து வைத்த வசதி. ஆண்டுக்கேற்ற வயரிங் படத்தை வைத்து இணைப்பைத் திரும்பக் கொடுக்கலாம்.

உள்ளே இரைச்சல் அதிகம். என்ன செய்வது?

சொகுசு பிறக்கும் இடம் இதுதான். காசை இங்கே போடுங்கள். இன்டர்செப்டரில் கார்ப்பெட்டுக்குப் பதில் கழுவ வசதியான ரப்பர் தரை, ஒலித்தடுப்பும் குறைவு.

சீட்டுகளையும் வாசல் பட்டைகளையும் எடுத்து ரப்பரை வெளியே இழுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்பதால் பேட்டரி கழற்றிச் சில நிமிடம் கழித்தே சீட் அடியில் கை வைக்கவேண்டும். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் இடையே இருந்த கம்பித் தடுப்பைப் பொருத்திய போல்ட் ஓட்டைகள் தரையில் தெரியும். துருவைச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, வெல்ட் வைத்தோ ஸீலன்ட் தடவிய உலோக மூடியாலோ அடையுங்கள். வெறும் ரப்பர் மூடி ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான்.

பிறகு 2 மில்லிமீட்டர் பியூட்டைல் தாள். தரை முழுக்க ஒட்டத் தேவையில்லை. தகட்டைத் தட்டினால் டொக்கென்று எதிரொலிக்கும் இடங்களில், பரப்பில் கால்பங்கு மூடினாலே அதிர்வு அடங்கும். பின்சக்கர மேடு, பின்சீட் முதுகுக்குப் பின்னாலுள்ள தகடு, கதவுகளின் வெளித்தகடு மூன்றையும் மறக்காதீர்கள். டயர் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. தாளை உருளையால் அழுத்தி, அதன் மேலுள்ள புடைப்புக் கோடுகள் தட்டையாகும் வரை தேய்க்கவேண்டும். இல்லையென்றால் கோடையில் உரிந்துவிடும். மேலே தண்ணீர் உறிஞ்சாத நுரைத்தாள், அதன்மேல் வார்ப்புக் கார்ப்பெட். கார்ப்பெட்டை விரித்து ஒரு நாள் வெயிலில் போட்டால் மடிப்பு போகும்.

சீட் மாற்றினால் நேராகப் பொருந்துமா?

2003-க்குப் பிந்தைய எல்.எக்ஸ், கிராண்ட் மார்க்விஸ் முன்சீட்டுகள் தரையில் உள்ள அதே இடங்களில் உட்காரும். பின்சீட் எல்.எக்ஸில் இருந்து எடுங்கள். பிரச்சினை இருக்கையில் இல்லை, அடியிலுள்ள வயரில். பயணி சீட்டில் எடையறியும் சென்சார் இருந்தால் சென்சார், நுரை, கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றும் ஒன்றாக அளவிடப்பட்டவை. கலந்து போட்டால் ஏர்பேக் விளக்கு எரியும், விபத்தில் எப்படி நடக்கும் என்று சொல்லமுடியாது. பக்க ஏர்பேக் இல்லாத வண்டியில் அது உள்ள சீட்டைப் போடுவதையும் தவிர்க்கலாம். உங்கள் வண்டியின் ஆண்டும் அதே வகை ஏர்பேக்கும் கொண்ட சீட்டைத் தேடுங்கள், ஒரு வாரம் கூடுதலாக அலைந்தாலும்.

கூரையிலும் தூணிலும் உள்ள ஓட்டைகள்?

ஆன்டெனா ஓட்டை வழக்கமாக 19 மில்லிமீட்டர். கூரைத் துணியை இறக்கிவிட்டு அடியிலிருந்து ஒரு தகட்டு வட்டத்தைப் பேனல் பசையால் ஒட்டி, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடிக்கலாம். வெல்டிங் செய்தால் ஒரே மூச்சில் சுற்றக்கூடாது. கூரைத் தகடு நெளிந்து, டிங்கரிங் வேலை மூன்று மடங்காகும். புள்ளி புள்ளியாக, ஆறவிட்டு வைக்கவேண்டும்.

முன்தூணில் ஸ்பாட் விளக்கின் தண்டு போன துளை கண்ணாடியை ஒட்டி இருக்கிறது. அங்கே வெல்டிங் சூடு பட்டால் முன்கண்ணாடி விரியும், ஸீல் கருகும். கண்ணாடியை எடுத்துவிட்டுச் செய்யுங்கள், அல்லது உள்ளும் வெளியும் மூடி போடுங்கள். விளக்கை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. சொகுசுக் காரில் அது மூக்கில் மரு மாதிரிதான் இருக்கும்.

ஸ்டிக்கர் எடுத்த இடத்தில் எழுத்தின் நிழல் தங்கும், சுற்றியுள்ள பெயின்ட் வெளுத்திருப்பதால். மெருகேற்றினால் ஓரளவு மங்கும். முழுதாகப் போகவேண்டுமென்றால் பெயின்ட்தான். கறுப்பு வெள்ளை வண்டியானால் கதவு ஓரங்களையும் சேர்த்து அடியுங்கள்.

சஸ்பென்ஷனை மென்மையாக்கலாமா?

அளவோடு. போலீஸ் ஸ்பிரிங் முரடு. எல்.எக்ஸ் பின் ஸ்பிரிங்கும் ஷாக்கும் போட்டால் மேடு பள்ளக் குலுக்கல் நன்றாகக் குறையும். ஷாக்கின் போல்ட்டைக் கழற்றி அச்சை ஜாக்கில் இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பு. முழுத் தொகுப்பாக மாற்றுங்கள், அழுத்திய ஸ்பிரிங்கை வீட்டில் பிரிப்பது உயிரோடு விளையாட்டு. முடித்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் பின் ஆன்டி-ரோல் பாரைக் கழற்றாதீர்கள்.

பின்னால் டொக் டொக்கென்று இடித்தால் ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன் பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் வாட்ஸ் லிங்க்கின் புஷ்களைப் பாருங்கள். டவுன் கார் போல ஏர் ஸ்பிரிங் போட ஆசைப்படுகிறவர்களுக்கு: கம்ப்ரஸர், உயர சென்சார், மாட்யூல் எல்லாம் வேண்டும், சில ஆண்டுகளில் பையும் கிழியும். வேண்டாம்.

பின் அச்சின் கியர் விகிதத்தை மாற்றவேண்டுமா?

விகித எண் கூடினால் இழுவை கூடும், அதே வேகத்தில் எஞ்சினும் அதிகம் சுற்றும். மணிக்கு 70 மைலில் ஓவர்டிரைவ் என்ற மேல் கியரில், 235/55 ஆர்17 டயரோடு, 3.27 விகித வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,980 சுற்று ஓடும். 3.55 என்றால் 2,150. சாதாரண வண்டியின் 2.73 என்றால் 1,650. 3.27 இருந்தால் தொடவேண்டாம். இழுவையும் உண்டு, அமைதியும் உண்டு. 3.55 இருந்து நெடுஞ்சாலைப் பயணம் அதிகமென்றால் மாற்றலாம், ஆனால் ஸ்பீடோமீட்டரை மறுபடி அளவிடவேண்டும்.

எந்தச் சக்கரம் பொருந்தும்?

5 போல்ட், 114.3 மில்லிமீட்டர் வட்டம், நடுத்துளை 70.5. 2003 முதல் ஆஃப்செட், அதாவது சக்கரத்தின் நடுக்கோட்டில் இருந்து போல்ட் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் அளவு, அதிகம்: 40 மில்லிமீட்டருக்கு மேல். பழைய பேந்தர் சக்கரம் போட்டால் டயர் ஃபெண்டருக்கு வெளியே துருத்தும். மராடர் சக்கரம் அழகு, கிடைப்பது அரிது. 2005-க்குப் பிந்தைய மஸ்டாங் சக்கரங்கள் நன்றாகப் பொருந்தும். நட் இறுக்கம் 100 பவுண்டு-அடி.

கியர் லீவரைத் தரைக்குக் கொண்டுவரலாமா?

மராடரிலும் எல்.எக்ஸ் ஸ்போர்ட்டிலும் அப்படி வந்தது. கன்சோல், கேபிள், லீவர் இல்லாத ஸ்டீயரிங் தண்டு, பிரேக்கை மிதிக்காமல் லீவரை நகரவிடாத இன்டர்லாக் என்று நான்கு பொருள் சேரவேண்டும். இவ்வளவு பாடுபட்டும் சொகுசு ஒரு துளிகூட அதிகமாகாது. தானியங்கி ஏசிக் கட்டுப்பாடும் இப்படித்தான்: முகப்பை மட்டும் மாற்றினால் வேலை செய்யாது, உள்ளும் வெளியும் வெப்பம் அறியும் சென்சார்கள் கூடவே வரவேண்டும்.

போலீஸ் பாகங்களில் எதைக் கழற்றக்கூடாது?

ஆயில் கூலர், ஸ்டீயரிங் ஆயில் கூலர், பெரிய ஆல்டர்னேட்டர், பிரேக், இரட்டை எக்ஸாஸ்ட். வண்டியின் அருமையே இவைதான். பெட்ரோல் டாங்கைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கவசத்தையும் தொடாதீர்கள். டாங்க் பின் அச்சுக்குப் பின்னால் நிற்கிறது. பின்னிருந்து மோதிய வண்டிகளில் தீப்பிடித்ததால்தான் 2002-ல் அந்தக் கவசம் வந்தது. டிக்கியின் முன்சுவரில் ஸ்பீக்கர் பெட்டி பொருத்த டிரில் போடுகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டியது, அந்தத் தகட்டுக்கு மறுபுறம் பெட்ரோல்.

சாவியை மாற்றவேண்டுமா?

உடனே. ஒரு நிலையத்தின் வண்டிகள் அனைத்துக்கும் ஒரே சாவி என்பது வழக்கம். அந்தச் சாவி எத்தனை பேர் சட்டைப்பையில் இருக்கிறதோ! சிப் பூட்டும் இருக்காது. இக்னிஷன், கதவு, டிக்கி மூன்றின் சிலிண்டரையும் மாற்றுங்கள்.

இவ்வளவு செலவுக்கு ஒரு டவுன் காரே வாங்கிவிடலாமே?

மென்மையும் தோல் சீட்டும் மட்டும் போதுமென்றால், ஆமாம், அதுவே மலிவு. வெயிலில் நாள் முழுக்க நின்றாலும் சூடேறாத எஞ்சின், வளைவில் இறுக்கமான பிடி, நம்பி மிதிக்கும் பிரேக் இவற்றின் மேல் அமைதியான உள்ளறை வேண்டுமென்றால் இன்டர்செப்டர்.

ரோட்டில் இன்னும் போலீஸ் என்று நினைத்து மற்றவர்கள் வேகம் குறைக்கிறார்கள். சட்டச் சிக்கல் வருமா?

வண்டியின் உருவம் மட்டுமே பொதுவாகச் சிக்கலாகாது. அடையாள எழுத்து, சிவப்பு நீல விளக்கு, சைரன் எதுவும் இருக்கக்கூடாது. விவரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பலர் தவறவிடுவது ஹெட்லைட்டை மாறிமாறி மின்னவைக்கும் பெட்டி. பானெட்டுக்கு அடியில், ஹெட்லைட் வயரில் இடையில் சொருகியிருக்கும். அதை எடுத்து ஒரிஜினல் இணைப்பை நேராகக் கோர்த்துவிடுங்கள். பதிவுக்கு வண்டி போகும் முன் ஒருமுறை இரவில் சுவருக்கு எதிரே நிறுத்தி, லோ பீமும் ஹை பீமும் போட்டுப் பாருங்கள்.